ஐந்நூறு ரூபாய் அபராதமும் பறிபோன சீனியாரிட்டியும்

புதுச்சேரியில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீட்டில், கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்துக்கு அடுத்தபடியாக நடக்கிற காரியம் வேலைவாய்ப்பகத்தில் பெயர் பதிவது. “பதிஞ்சு வச்சிடு, அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்பார் அப்பா. அவர் காலத்தில் அந்தப் பதிவுக்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்டர்வியூ கார்டு தபாலில் வரும், தெருவுக்கே தெரியும். இன்று கார்டு வருவது அபூர்வம். பதிவு மட்டும் ஓயவில்லை. டிகிரி முடித்தால் அதைச் சேர்க்க வேண்டும், பி.எட். முடித்தால் அதையும், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தால் அதையும். கெடு தவறாமல் புதுப்பிக்க வேண்டும். ஒரு தடவை மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. யாரும் நம்பிப் பதிவதில்லை. பதியாமல் இருக்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். வேலை கிடைக்கவில்லை என்பதை ஓரளவு ஆறிப்போன குரலில்தான் சொல்வார்கள். குரல் ஏறுவது வேறு இடத்தில். வேலை தேட உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வரும் படிவங்கள், முகாம்கள், பயிற்சிகள், உறுதிமொழிகள் பற்றிப் பேச்சு வரும்போதுதான். எம்.எஸ்சி. முடித்தவரை உட்கார வைத்து நேர்காணலுக்கு எப்படிச் சட்டையை இன் செய்வது என்று வகுப்பு எடுப்பார்கள். அதே பத்துச் சான்றிதழின் நகலை ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாகக் கேட்பார்கள். அத்தனையும் செய்த பிறகு, “இன்னும் முயற்சி பண்ணணும் தம்பி” என்பார்கள். இதில்தான் அவர்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய சட்டத்தைப் புரட்டினால் போதும்.

1959-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 1960 மே 1 முதல் அமலுக்கு வந்தது. அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தியது. படிக்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்காவது பிரிவின் கடைசியில் ஒரு வரி வைத்தார்கள். காலியிடத்தைத் தெரிவித்துவிட்டால் போதும், வேலைவாய்ப்பகம் அனுப்புகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கடமை எந்த முதலாளிக்கும் இல்லை. சரி, தெரிவிக்கவே இல்லை என்றால்? முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 1,000 ரூபாய் வரை. அன்றைய ஐந்நூறுக்கு ஒரு கனம் இருந்திருக்கலாம். பத்தாண்டுகளாக அதை உயர்த்த யாருக்கும் தோன்றவில்லை, இருபதாண்டுகளாகத் தோன்றவில்லை, அறுபதாண்டுகள் போய்விட்டன. மாதச் சம்பளம் 60 ரூபாய்க்குக் குறைவான வேலைகளுக்கு விலக்கு என்ற வாசகமும் அந்தச் சட்டத்தில் கடைசிவரை அப்படியே இருந்தது. அறுபது ரூபாயில் இன்று ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இப்போது இந்தப் பக்கம் வாருங்கள். பெயர் பதிந்தவர் கெடுவுக்குள் புதுப்பிக்கவில்லை என்றால் என்ன ஆகும்? பதிவு மூப்பு பறிபோகும். ஐந்து, எட்டு, பத்து ஆண்டுகள் காத்திருந்ததற்கு இருந்த ஒரே அடையாளம் அது. தமிழ்நாட்டில் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தவறவிட்டவர்களின் எண்ணிக்கை பெருகியதால், அரசே அவ்வப்போது சிறப்புச் சலுகை ஆணை போட்டு மூப்பைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அப்படித் திருப்பித் தர வேண்டிய அளவுக்கு மக்கள் தவறவிட்டார்கள் என்றால், தவறு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

காலியிடத்தை மறைத்தவருக்கு ஐந்நூறு ரூபாய். தேதியை மறந்தவருக்குப் பத்து வருடம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்தக் கணக்கைத்தான். உதவித் திட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் அதிலுள்ள கட்டாயம் எல்லாம் வேலை தேடுகிறவர் தலையில் விழுகிறது. வேலை வைத்திருப்பவர் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சிப்பாய்களுக்காகத் தொடங்கியது

வேலைவாய்ப்பகம் பட்டதாரிகளுக்காகப் பிறந்த அமைப்பு அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1945 ஜூலையில், பட்டாளத்திலிருந்து வீடு திரும்பும் வீரர்களுக்குப் பிழைப்பு ஏற்பாடு செய்யத்தான் பிரிட்டிஷ் அரசு இதைத் தொடங்கியது. பிரிவினை வந்தது, அகதிகள் வந்தார்கள், அவர்களுக்கும் திறந்தார்கள். 1948-ல் எல்லோருக்கும் திறந்தார்கள். 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டே ஆண்டான ஊர். ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது; சட்டப்படியான இணைப்பு முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படை வீரரைத் துப்பறிந்து தேட வேண்டியதில்லை. எத்தனை பேர், எந்தக் கைத்தொழில் தெரியும், எந்த ஊர் என்று படைப்பிரிவே பட்டியல் கொடுத்துவிடும். ஆலைகளும் ரயில்வேயும் ஆள் தேடிக்கொண்டிருந்தன. பட்டியலையும் தேவையையும் பொருத்தி வைக்க ஒரு அலுவலகம் போதுமானதாக இருந்தது. பொருத்துவதற்கு எதிர்ப் பக்கம் ஒன்றுமே இல்லாத காலத்திலும் அதே அலுவலகம், அதே பதிவேடு. மாறியது ஒன்றுதான், கட்டைப் பேனாவுக்குப் பதில் இணையதளம். 2015 ஜூலையில் மத்திய அரசு தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தைத் தொடங்கியது. அதிலும் பதிய வேண்டும். மாநிலத்தில் ஒரு பதிவு, மத்தியில் ஒரு பதிவு, பயிற்சித் திட்டத்துக்கு ஒரு பதிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓடிபி.

நீதிமன்றங்களும் இந்தப் பதிவேட்டை மெல்ல மெல்லக் கழற்றி வைத்துவிட்டன. 1987-ல் ஹர்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பகத்தின் மூலம்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று 1959 சட்டம் எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை என்று சொன்னது. அரசுத் துறைகள் மட்டும் தங்களுக்குத் தாங்களே அப்படி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வதில் தவறில்லை என்றது. 1996-ல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில், வேலைவாய்ப்பகப் பட்டியல் மட்டும் போதாது, செய்தித்தாளிலும் விளம்பரம் செய்ய வேண்டும், விண்ணப்பித்த தகுதியான எல்லோரையும் கருத வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு நியாயமானது. பதிவு மூப்பு இல்லாததால் ஒருவர் விண்ணப்பிக்கவே கூடாது என்பது எப்படிச் சரியாகும்? ஆனால் அதற்குப் பிறகு, ஏற்கெனவே வரிசையில் நின்றவர்களிடம், “இந்த வரிசைக்கு இனி அவ்வளவு மதிப்பு இல்லை, வீட்டுக்குப் போகலாம்” என்று யாரும் சொல்லவில்லை. வரிசை நின்றுகொண்டே இருந்தது.

அதன் கொடுமையை அனுபவித்தவர்கள் பக்கத்துத் தமிழ்நாட்டின் ஆசிரியர்கள். பதிவு மூப்பின்படி பட்டதாரி ஆசிரியர்களை நியமித்த காலம் ஒன்று இருந்தது. அதை நம்பி பி.எட். முடித்துவிட்டு, புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்திருந்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் வந்தது, ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) கட்டாயமானது. 2012 ஜூலையில் நடந்த முதல் டெட் தேர்வை ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். பிறகு வெயிட்டேஜ் என்றார்கள். 2018-ல் அரசாணை 149 வந்து, டெட் தேறினாலும் இன்னொரு போட்டித் தேர்வு உண்டு என்றது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் மூன்றாவது முறையாகத் தன் தகுதியை நிரூபிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் புதிய விதிகளின்படி.

முப்பது தொகுதி, முப்பது வாசல்

புதுச்சேரியின் கதை வேறு மாதிரி. சின்ன ஊர் என்பதே இங்கே சிக்கல்.

2021 சட்டமன்றத் தேர்தலில் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கும் சேர்ந்து வாக்காளர்கள் சுமார் பத்து லட்சம் பேர். தொகுதிகள் முப்பது. ஆக, ஒரு எம்எல்ஏவுக்கு முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கு மேல். இங்கே எம்எல்ஏவை வீட்டுக் கல்யாணத்தில் பார்க்கலாம், காதுகுத்தில் பார்க்கலாம், காலையில் அவர் வீட்டு வாசலில் நின்றும் பார்க்கலாம். பையனுக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று கேட்காத குடும்பம் குறைவு. காந்தி நகரில் தொழிலாளர் துறை வளாகத்தில் இருக்கும் வேலைவாய்ப்பகத்தைவிட, எம்எல்ஏ வீட்டுத் திண்ணையில்தான் காலியிடத் தகவல் சீக்கிரம் கிடைக்கும் என்று ஊரில் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் பொய்யாக்க முயன்றதாகத் தெரியவில்லை.

தேர்தல் நெருங்கும்போது அரசுச் சார்பு நிறுவனங்களிலும் பொதுப்பணித் துறையிலும் தினக்கூலி, வவுச்சர் ஊழியர் என்ற பெயரில் ஆட்கள் சேர்வது இங்கே பழகிப்போன காட்சி. 2016 தேர்தலை ஒட்டிச் சேர்க்கப்பட்டு, பிறகு நீக்கப்பட்ட பொதுப்பணித் துறை ஊழியர்கள் மீண்டும் வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அரசுச் சார்பு நிறுவனங்களான பாசிக், பாப்ஸ்கோவின் ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் போராடினார்கள். கொல்லைப்புற நியமனங்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2006 ஏப்ரலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தது. இந்த ஏற்பாட்டில் எல்லோரும் தோற்றார்கள். கொல்லைப்புறம் வழியாக வந்தவர் நடுத்தெருவுக்கு வந்தார். முன்வாசலில் பதிவு அட்டையோடு நின்றவர் நின்ற இடத்திலேயே நின்றார். மூன்று மாதத்துக்கும் குறைவான வேலைகளைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று 1959 சட்டமே விலக்கு தந்திருந்ததையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

முறையான தேர்வு வழியும் நேராக இல்லை. புதுச்சேரிக்கென்று தனியாக ஒரு அரசுப் பணியாளர் தேர்வாணையம் கிடையாது. உயர் பதவிகள் டெல்லியில் யுபிஎஸ்சி கையில். கீழ்நிலைப் பதவிகளை இங்குள்ள பணியாளர் நிர்வாகத் துறை நிரப்புகிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் டிஎன்பிஎஸ்சியின் ஆண்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். இங்கே ஒட்டி வைக்க அட்டவணை இல்லை. காவலர் தேர்வைப் பாருங்கள். 2018-ல் அறிவிப்பு வந்தது. ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் இடையே நடந்த இழுபறி, பிறகு கொரோனா. கோரிமேடு ஆயுதப்படை மைதானத்தில் உடற்தகுதித் தேர்வு தொடங்கும்போது 2022 ஜனவரி ஆகிவிட்டது. காவலர் வேலைக்கு வயது வரம்பு எவ்வளவு குறுகியது என்பது ஓடிப் பழகியவர்களுக்குத் தெரியும். கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்கு அரசின் தாமதத்தால் வயது கடந்துபோனால், அந்தத் தாமதத்துக்கு அபராதம் யார் கட்டுவது?

மூடிய ஆலைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே இரண்டு வரி. 1898-ல் தொடங்கிய முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. வரிச் சலுகைக்காக வந்த ஆலைகளில் பல, சலுகை முடிந்ததும் கிளம்பிவிட்டன. சேதராப்பட்டு–கரசூரில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காக எடுத்த எழுநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. மறுபுறம் கல்லூரிகள் மட்டும் குறையவே இல்லை. பன்னிரண்டரை லட்சம் மக்கள்கூட இல்லாத (2011 கணக்கெடுப்பு) ஒரு பகுதியில் மத்தியப் பல்கலைக்கழகம், ஜிப்மர், தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், வரிசையாகத் தனியார் பொறியியல், மருத்துவக் கல்லூரிகள். பட்டம் கொடுக்கும் இடங்கள் நிறைந்த ஊரில் பட்டத்துக்கு வேலை கொடுக்கும் இடங்கள் குறைந்துகொண்டே போனதை எந்தப் பயிற்சி வகுப்பு சரிசெய்யும்?

குறை உன்னிடம்தான்

சரிசெய்யும் என்றுதான் திட்டங்கள் நம்புகின்றன. படித்தவருக்கு வேலை கிடைக்காததற்குக் காரணம் அவருக்குத் திறன் போதவில்லை. ஆகவே திறன் கொடு. 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் இந்த எண்ணத்தின் மேல் நிற்கிறது. அதைப் பற்றிய தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. பயிற்சி பெற்றவர்களின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய கட்டத்தில், பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் பூஜ்யம் அல்லது வெற்றிடம். விண்ணப்பதாரரின் ஆதாரில் ஒரு எழுத்து மாறியிருந்தால் திருப்பி அனுப்புகிற நாட்டில் இது நடந்திருக்கிறது.

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட 2024-ஆம் ஆண்டின் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒரு எண்ணைத் தருகிறது. 2022-ல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம், பட்டம் பெற்ற இளைஞர்களிடையே 29.1 சதவீதம். படிக்காதவருக்கு நல்ல வேலை இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த வேலைக்கும் போக வேண்டிய நிலை அவருக்கு, அவ்வளவுதான். ஆனால் படிப்பு ஏற ஏற வேலையின்மையும் ஏறுகிறது என்றால், படித்தவருக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் தீரும் என்பது விசித்திரமான வைத்தியம்.

2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் இன்னும் சுவாரஸ்யமானது. நாட்டின் பெரிய 500 நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், தொடக்கத்தில் ஒரு தடவை 6,000 ரூபாய். வயது 21 முதல் 24 வரை. முதுகலைப் பட்டம் இருந்தால் இடம் இல்லை. எம்பிஏ, எம்பிபிஎஸ், சி.ஏ. படித்தவர்களுக்கும் இல்லை. அதிகம் படித்ததற்காக ஒருவரை வாசலிலேயே நிறுத்துகிற திட்டம் இது. உள்ளே விட்டவர்களாவது போனார்களா? முதல் சுற்றில் சுமார் 82,000 இடங்கள் வழங்கப்பட்டன. சுமார் 28,000 பேர் ஏற்றார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் குறைவு. இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று சிலர் எழுதினார்கள். வில்லியனூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய், அறை எடுத்து, சாப்பிட்டு, ஊருக்கு வந்து போக மாதம் ஐயாயிரத்தில் முடியுமா என்று எழுதியவர்கள் ஒரு மாதம் முயன்று பார்த்திருக்கலாம்.

வேலைவாய்ப்பு முகாமையும் சொல்லியாக வேண்டும். கல்லூரி வளாகம், ஷாமியானா, மேசைக்கு ஒரு கம்பெனி பேனர். ரெஸ்யூம் பத்து காப்பி எடுத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். மேசைகளில் பெரும்பாலும் கால் சென்டர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், தனியார் வங்கிகளின் விற்பனைப் பிரிவு, ஒரகடம் பக்கத்து ஆலைகளின் ஒப்பந்த வேலை. மெக்கானிக்கல் பி.டெக். முடித்தவரும் ஐடிஐ முடித்தவரும் ஒரே மேசையில், ஒரே மிஷின் ஆபரேட்டர் வேலைக்கு. அந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. அதே சம்பளத்துக்கு எதற்கு நான்கு ஆண்டுக் கல்விக் கடன் என்றுதான் கேட்கிறேன். மாலையில் பணி நியமன ஆணை வழங்கும் விழா, புகைப்படம், மறுநாள் பத்திரிகையில் எண்ணிக்கை. ஆறு மாதம் கழித்து அதில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை எந்த விழாவிலும் வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முகாமுக்குப் போகாதவரைச் சட்டப்படி யாரும் தண்டிப்பதில்லை. இந்தியாவில் கட்டாயம் பயத்தின் வழியாக வருகிறது. போகாவிட்டால் வீட்டில் கேள்வி, பதியாவிட்டால் நாளை ஏதாவது அறிவிப்பு வந்து தகுதி இழந்துவிடுவோமோ என்ற பயம்.

கோட்டக்குப்பம் தாண்டினால்

எழுத்து வடிவில் கட்டாயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இசிஆர் சாலையில் முத்தியால்பேட்டையைத் தாண்டினால் போதும். கோட்டக்குப்பம் தமிழ்நாடு. அங்கே வேலையற்றோருக்கு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். இன்னும் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும்.

கல்லூரிக்குத் தினமும் போய்ப் படிப்பவராக இருக்கக் கூடாது. அஞ்சல் வழியில் படித்தால் பரவாயில்லை. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குத் தகுதியே இல்லை. அவர்களுக்கெல்லாம் வேலை தானாகக் கிடைத்துவிடும் என்று விதி எழுதியவர் நம்பிய காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ பி.இ. படித்த பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இந்த விதியை வாசித்தால் சிரிப்பார்கள். நாளொன்றுக்கு இருபது ரூபாய். அதைப் பெற, தான் ஏழை, தான் வேலையற்றவர், தான் படித்துக்கொண்டிருக்கவில்லை என்று மூன்றையும் ஒருவர் மெய்ப்பிக்க வேண்டும். வேலை இல்லை என்பதை மெய்ப்பிக்கும் வேலை.

பணத்தைக் குறை சொல்வது சுலபம். அந்த அறுநூறு ரூபாயில் தேர்வுக் கட்டணம் கட்டியவர்கள், பஸ் செலவைச் சமாளித்தவர்கள் உண்டு. ஒன்றுமே இல்லாததைவிட அது மேல்தான்.

பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு போனவர்களுக்கு

புதுச்சேரிக்கு மட்டும் இன்னொரு கிளை உண்டு. 1962-ல் பிரான்சுடனான இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தந்தார்கள். தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பாரிஸுக்குப் போகிறார்கள். தேர்ந்துகொள்ளாத பக்கத்து வீட்டுப் பிள்ளை காந்தி நகருக்குப் போகிறான். போனவருக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் இங்கே பேச்சு.

அங்கே 2024 ஜனவரி 1 முதல் பழைய வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு ஃப்ரான்ஸ் திராவாய் என்று பெயர். 2023 டிசம்பரில் நிறைவேறிய முழு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச வருமான உதவி வாங்கும் எல்லோரும் தானாகவே அதில் பதிவாகிவிடுவார்கள். ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டும். வாரம் குறைந்தது 15 மணி நேரம் பயிற்சி, பட்டறை, வேலை தேடல் என்று ஏதாவது செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் உதவி நிறுத்தப்படலாம். ஒவ்வொருவர் நிலைமைக்கும் ஏற்ப மணி நேரத்தை அமைக்க வேண்டும் என்று அங்கே அரசியல் சாசன மன்றம் ஒரு நிபந்தனை போட்டது. தொழிற்சங்கங்களும் சமூக அமைப்புகளும் இந்தச் சட்டத்தை எதிர்த்தன. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாட்டில் கையெழுத்துக்கு ஈடாக வாழ்வதற்கு ஓரளவு பணம் வருகிறது. நம் ஊரில் கையெழுத்து மட்டும்தான்.

இந்த விஷயத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோன நாடு பிரிட்டன். 2011-ல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஒரு நிலவியல் பட்டதாரிப் பெண், வேலை தேடுவோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டு, ஒரு அருங்காட்சியகத்தில் சம்பளமில்லாமல் தொண்டு செய்துகொண்டிருந்தார். அவர் போக விரும்பிய துறை அதுதான். வேலைவாய்ப்பு அலுவலகம் அவரை அதை விட்டுவிட்டு, பவுண்ட்லேண்ட் என்ற மலிவுவிலைக் கடையில் இரண்டு வாரம் ஊதியமில்லாமல் அலமாரி அடுக்க அனுப்பியது. போகாவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதிகள் செல்லாது என்றது. அதே ஆண்டு மார்ச்சில் அரசு, முன்தேதியிட்டு ஒரு சட்டத்தை அவசரமாக நிறைவேற்றி, நிறுத்திய தொகையைத் திருப்பித் தர வேண்டிய நிலையிலிருந்து தப்பித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் விதிகள் முறையாக இல்லை, அவருக்குப் போதிய தகவல் தரப்படவில்லை என்றது. ஆனால் அது கட்டாய உழைப்பு என்ற வாதத்தை ஏற்கவில்லை.

கடையில் வேலை செய்யப் பட்டதாரிக்கு என்ன கௌரவக் குறைச்சல் என்று அப்போது அமைச்சர்கள் உட்படப் பலர் அவரைச் சாடினார்கள். அவர் பிறகு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார். கடை வேலையை அவர் எதிர்க்கவே இல்லை. சம்பளம் தராமல், தன் துறையிலிருந்து இழுத்து வந்து, அதை உதவி என்று அழைத்ததைத்தான் எதிர்த்தார்.

அரசு கட்டுப்பட்ட ஒரே இடம்

இந்தியாவில் கட்டாயம் தலைகீழாக இருந்த சட்டம் ஒன்று உண்டு. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலை கேட்டு 15 நாட்களுக்குள் அரசு வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்று எழுதியிருந்தது. முதல் முப்பது நாட்களுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதற்குப் பிறகு அரைப் பங்குக்குக் குறையாமல். நடைமுறையில் அந்தப் படியை வாங்கியவர்கள் வெகு சொற்பம் என்பது வேறு விஷயம். தாமதத்துக்கு விலை வைத்து, அந்த விலையை அரசு கட்ட வேண்டும் என்று எழுத முடிந்ததே, அதுதான் எனக்கு முக்கியம். மண் வெட்டப் போகிறவருக்கு எழுத முடிந்ததைக் காவலர் தேர்வுக்கு நான்கு ஆண்டு காத்திருந்தவருக்கும் எழுதலாம். குறைந்தபட்சம், அரசின் தாமதத்தால் கடந்துபோன ஆண்டுகளை வயது வரம்பில் கூட்டிவிடலாம். அதற்கு நிதித் துறை கோப்புகூட வேண்டாம்.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1959 சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. இனி வேலைவாய்ப்பகத்துக்குச் சட்டத்தில் கேரியர் சென்டர் என்று பெயர். பெயர் மாறியிருக்கிறது, அனுப்புகிற ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கடமை எந்த முதலாளிக்கும் இல்லை என்ற வரி இதிலும் இருக்கிறது.

அந்த வரியை நீக்கச் சொல்லவில்லை. எந்த நிறுவனத்துக்கும் ஆளைத் திணிக்க முடியாது, கூடாது. ஆனால் இருக்கிற இன்னொரு கடமையைச் செய்யச் சொல்லலாம். பழைய சட்டத்தின் ஐந்தாவது பிரிவின்படி, அரசு நிறுவனங்களும் வரம்புக்குள் வரும் தனியார் நிறுவனங்களும் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், எத்தனை காலியிடம், எவ்வளவு நிரம்பியது என்று காலாண்டுக்கு ஒரு முறை வேலைவாய்ப்பகத்துக்குப் படிவம் அனுப்ப வேண்டியிருந்தது. இஆர்-1 என்று அதற்குப் பெயர். இத்தனை ஆண்டுகளாக அந்தப் படிவங்கள் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் எங்கோ கட்டிக் கிடக்கின்றன. வராமல் இருந்தால் வராத நிறுவனங்களின் பட்டியல் இருக்க வேண்டும், அவை கட்டிய அபராதத்துக்கு ரசீதும் இருக்க வேண்டும். மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு, திருபுவனை தொழிற்பேட்டைகளை ஒரு வாரத்தில் சுற்றிவந்துவிடக்கூடிய ஊர் இது. கடைசி நான்கு காலாண்டுக் கணக்கை, எந்தத் துறை, எத்தனை காலியிடம், எந்தத் தேதியில் தெரிவித்தது, எப்படி நிரப்பியது என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேட்கலாம், வந்த பதிலைப் புதுப்பிக்கும் கவுன்ட்டருக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒட்டச் சொல்லலாம். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். பதிவட்டை வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் போடலாம். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் கெடு.